ஏற்காட்டுக் கருவியிலிருந்து சேலம் சர்வர் வரை: சி மொழியில் லிப்கர்ல் கொண்டு பாதுகாப்பான இணைப்பை அமைக்கும் முழுமையான வழிகாட்டி

நிரலிலிருந்து இணையம் வழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் லிப்கர்ல் லைப்ரரியைச் சி மொழியில் பயன்படுத்துபவர்களிடையே ஒரு தீய பழக்கம் வேரூன்றியிருக்கிறது. இணைப்பு முயற்சி பிழை எண் 60 என்று நின்றுவிடுகிறது; சர்வர் தன் அடையாள அட்டையாகக் காட்டும் சான்றிதழை நிரலால் சரிபார்க்க முடியவில்லை என்பது அதன் பொருள். தேடினால், "சான்றிதழ்ச் சோதனையை அணைத்துவிடுங்கள்" என்று ஒரு விடை கிடைக்கிறது. அந்த ஒற்றை வரியைச் சேர்த்ததும் நிரல் ஓடுகிறது, தரவு போய்ச் சேர்கிறது, எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்த வரியோடு இணைப்பின் பாதுகாப்பும் போய்விட்டது என்பது யாருக்கும் தெரிவதில்லை. ஏனென்றால் போகவேண்டிய இடத்துக்குப் போகும்போதும், போகக்கூடாத இடத்துக்குப் போகும்போதும் அந்த நிரல் ஒரே மாதிரிதான் ஓடும்.

பாதுகாப்பான இணைப்பை அமைப்பது என்றால், தவறான சர்வர் எதிரே வந்து நிற்கும்போது நிரல் பேச மறுக்கும்படி செய்வது. இணைவது எளிது. சரியான நேரத்தில் மறுப்பதுதான் நாம் கற்றுக்கொடுக்க வேண்டிய வேலை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த மறுப்பைப் பற்றியதுதான்.

எடுத்துக்காட்டாக ஓர் அமைப்பை வைத்துக்கொள்வோம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டம். அங்கே ஒரு மழைமானி, ஓர் ஈரப்பத உணரி, அவற்றைப் படிக்கும் ராஸ்ப்பெரி பை என்ற ஒரு சிறு கணினி. கால் மணிக்கு ஒரு முறை அளவுகளைக் கைப்பேசி வலையமைப்பு வழியாகச் சேலத்து அலுவலகத்தில் உள்ள சர்வருக்கு அனுப்ப வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் பூ மழையை நம்பித்தான் காப்பிச் செடி பூக்கிறது. அந்த மழை எந்த நாளில், எவ்வளவு பெய்தது என்ற பதிவு தோட்டக்காரருக்கு மிகவும் தேவையானது.

மழை அளவில் என்ன ரகசியம் இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். அளவில் ரகசியம் இல்லைதான். ஆனால் அதே இணைப்பில்தான் கருவியின் கடவுச்சொல் போகிறது. அதே இணைப்பில்தான் புதிய அமைப்புகளும் புதுப்பித்த நிரலும் கருவிக்கு வந்து சேர்கின்றன. நடுவில் ஒருவர் புகுந்து தன்னைச் சேலம் சர்வர் என்று காட்டிக்கொண்டால் கருவியே அவர் கைக்குப் போய்விடும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையின் கணக்கு நிரலானாலும், ஜவ்வரிசி ஆலையின் எடைமேடையானாலும் கதை இதேதான். மலையில் மட்டும் ஒரு கூடுதல் சிரமம் உண்டு: கருவி பழுதானால் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் சரிசெய்ய முடியும். அதனால் கீழே இருக்கும்போதே எல்லாவற்றையும் சரியாக அமைத்துவிட வேண்டும்.

பெயர்களைப் பற்றி ஒரு குறிப்பு. லிப்கர்லின் அமைப்புகள் எல்லாம் கர்ல்ஆப்ட் என்ற முன்னொட்டுடன் தொடங்கும். பெரிய எழுத்துகளில், அடிக்கோடு சேர்த்து எழுதப்படும். இங்கே முன்னொட்டை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதுகிறேன்.

படி 1: லைப்ரரியையும் அதன் அடியில் இருப்பதையும் அறிதல்

ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998இல் கர்ல் என்ற கட்டளைக் கருவியை வெளியிட்டார். அதன் உள்ளுறுப்பு 2000ஆம் ஆண்டில் லிப்கர்ல் என்ற தனி லைப்ரரியாக வந்தது. பலர் கவனிக்காத ஒன்று: லிப்கர்ல் மறையாக்கத்தை (தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவதை) தானே செய்வதில்லை. அந்த வேலையை ஓப்பன்எஸ்எஸ்எல், ஜிஎன்யுடிஎல்எஸ், எம்பெட்டிஎல்எஸ், உல்ஃப்எஸ்எஸ்எல், விண்டோஸின் எஸ்சேனல் போன்ற வேறொரு லைப்ரரியிடம் ஒப்படைக்கிறது. டெபியன் வகை லினக்ஸில் நிரல் எழுதுவதற்கான டெவ் தொகுப்பு, ஓப்பன்எஸ்எஸ்எல் சேர்த்தது ஒன்று, ஜிஎன்யுடிஎல்எஸ் சேர்த்தது ஒன்று என்று தனித்தனியாகவே கிடைக்கும். எல்லா அமைப்புகளும் எல்லா அடித்தளங்களிலும் வேலை செய்யாது.

ஆகவே முதலில் கர்ல்_வெர்ஷன் என்ற செயல்கூற்றை அழைத்து, அது தரும் சரத்தை அச்சிட்டுப் பாருங்கள். லிப்கர்லின் பதிப்பும் அடித்தள லைப்ரரியின் பெயரும் அதிலேயே இருக்கும். உங்கள் மடிக்கணினியில் பார்த்தால் போதாது. மலைக்குப் போகப்போகும் கருவியிலேயே பார்க்க வேண்டும். கீழே சொல்லும் சில அமைப்புகளுக்கு 7.85.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். இந்த வழிகாட்டி ஓப்பன்எஸ்எஸ்எல் அடித்தளத்தை மனத்தில் வைத்து எழுதியது.

படி 2: கடிகாரத்தைச் சரிசெய்தல்

சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கருவியின் கடிகாரம் தவறாக இருந்தால் நல்ல சான்றிதழும் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று தள்ளப்படும். ராஸ்ப்பெரி பை 4 வரையிலான பலகைகளில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. ராஸ்ப்பெரி பை 5இல் அது உண்டு. ஆனால் அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். மலையில் இடி மின்னலோடு மழை பெய்து இரவெல்லாம் மின்சாரம் இல்லாமல் போனால், மறுநாள் காலை கருவி பழைய நேரத்தோடுதான் விழிக்கும்.

இதற்கு இரண்டு ஏற்பாடுகள் செய்யுங்கள். டிஎஸ்3231 போன்ற ஒரு கடிகாரச் சில்லைப் பேட்டரியோடு இணையுங்கள். அதன் விலை மலை ஏறி இறங்கும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அடுத்து, நேரம் வலையமைப்பிலிருந்து சரிசெய்யப்பட்ட பிறகே உங்கள் நிரல் தொடங்கும்படி லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் வரிசைப்படுத்துங்கள். வழக்கமான நேரச் சேவைக்குச் சான்றிதழ் தேவையில்லை என்பதால், கடிகாரம் தவறாக இருக்கும்போதும் அது வேலை செய்யும். சான்றிதழ்ச் சோதனையை அணைத்த பல நிரல்களில் உண்மையான நோய் கடிகாரமாகவே இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

படி 3: பிழைகள் பேசும்படி செய்தல்

மெயின் செயல்கூற்றின் தொடக்கத்தில், எந்த இழையும் பிறப்பதற்கு முன்பே, கர்ல்_குளோபல்_இனிட் என்பதை ஒரே ஒரு முறை அழையுங்கள். பிறகு கர்ல்_ஈஸி_இனிட் ஒரு ஹேண்டிலை, அதாவது இணைப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் பிடியை, தரும். அது நல் (வெறுமை) என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்த வரியே எர்ரர்பஃபர் ஆக இருக்கட்டும். 256 பைட் கொண்ட ஒரு எழுத்து வரிசையை அதற்குக் கொடுங்கள். எண் 60 என்று மட்டும் வருவதற்கும், "சான்றிதழ் காலாவதியாகிவிட்டது" என்றோ "தன் கையொப்பச் சான்றிதழ் (தானே தனக்குக் கையொப்பமிட்டது)" என்றோ காரணத்தோடு வருவதற்கும் இருக்கும் வேறுபாடு, ஒரு முழு நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். லிப்கர்ல் நாம் தரும் சரங்களைப் பெரும்பாலும் நகலெடுத்துக்கொள்ளும். ஆனால் இந்த வரிசையை நகலெடுக்காது. ஹேண்டிலை மூடும்வரை அது நினைவகத்தில் உயிரோடு இருக்க வேண்டும். ஒரு செயல்கூற்றின் உள்ளூர் மாறியாக வைத்துவிட்டு அதிலிருந்து வெளியேறிவிடக் கூடாது.

கர்ல்_ஈஸி_செட்ஆப்ட் ஒவ்வொரு முறையும் ஒரு விடையைத் திருப்பித் தருகிறது. பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை. வேக வரம்பு போன்றவற்றுக்குப் பார்க்காமல் விட்டால் பரவாயில்லை. பாதுகாப்பு அமைப்புகளுக்கு அப்படி விடவே கூடாது. எண் 48 வந்தால் அந்த அமைப்பையே இந்தப் பதிப்பு அறியாது என்று பொருள். எண் 4 வந்தால் அந்த வசதி இந்தக் கட்டமைப்பில் சேர்க்கப்படவில்லை. நீங்கள் பூட்டு போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பூட்டு விழுந்தே இருக்காது. ஆகவே ஒரு சிறு மேக்ரோ எழுதி, பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் அந்த ஹேண்டிலைப் பயன்படுத்தாமல் வெளியேறும்படி செய்யுங்கள்.

இன்னொன்று சி மொழிக்கே உரிய சிக்கல். செட்ஆப்ட் எத்தனை வகை மதிப்பை வேண்டுமானாலும் ஏற்கும் செயல்கூறு. ஆகவே தொகுப்பி வகையைச் சரிபார்த்து மாற்றித் தராது. எண் கேட்கும் அமைப்புகள் லாங் வகையை எதிர்பார்க்கின்றன. வெறும் 1 என்று எழுதினால் அது இன்ட் வகையாகப் போகும். 64 பிட் கணினியில் மேல் பாதியில் எது இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எண்ணுக்குப் பின்னால் எல் என்ற எழுத்தைச் சேர்த்தே எழுதப் பழகுங்கள்.

படி 4: இரண்டு சோதனைகள், இரண்டும் தேவை

இந்த வழிகாட்டியின் நெஞ்சுப் பகுதி இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

எஸ்எஸ்எல்_வெரிஃபைபியர் என்ற அமைப்பு, எதிரே இருப்பவர் காட்டும் சான்றிதழ் நாம் நம்பும் ஒரு சான்றளிப்பு நிறுவனம் கையொப்பமிட்டதுதானா, காலம் முடியவில்லையா என்று பார்க்கிறது. எஸ்எஸ்எல்_வெரிஃபைஹோஸ்ட் என்ற அமைப்பு, அந்தச் சான்றிதழில் உள்ள பெயரும் நாம் அழைத்த பெயரும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒருவர் நீட்டும் அடையாள அட்டை அசல்தானா என்று பார்ப்பது முதலாவது. அதில் எழுதியிருக்கும் பெயர் நாம் தேடிவந்தவருடையதா என்று பார்ப்பது இரண்டாவது. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை அணைத்தால், உலகில் எவரும் தம்முடைய சொந்தத் தளத்துக்குச் சட்டப்படி வாங்கிய சான்றிதழைக் காட்டி உங்கள் சர்வராக நடித்துவிடலாம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றளிப்பு நிறுவனம் இலவசமாகவே சான்றிதழ் தருகிறது. ஆகவே அப்படி நடிக்கப் பணம்கூடத் தேவையில்லை.

இரண்டுமே இயல்பாக இயக்கத்தில்தான் இருக்கின்றன. வெரிஃபைபியர் 2002இல் வந்த 7.10 பதிப்பிலிருந்தே அப்படித்தான். நீங்கள் எதையும் எழுதாவிட்டாலே பாதுகாப்பாக இருப்பீர்கள் என்பது நல்ல வடிவமைப்பு. இருந்தாலும் இரண்டையும் வெளிப்படையாக எழுதிவிடுவதே என் விருப்பம்: வெரிஃபைபியருக்கு 1எல், வெரிஃபைஹோஸ்டுக்கு 2எல். நிரலை அடுத்து எடுத்து நடத்தப்போகிறவர் அவற்றைப் பார்த்ததும், இது யோசித்து வைத்தது என்று புரிந்துகொள்வார்.

ஹோஸ்டுக்கு ஏன் 2? அதற்குப் பின்னால் கசப்பான வரலாறு ஒன்று இருக்கிறது. பழைய பதிப்புகளில் 1 என்று கொடுத்தால், சான்றிதழில் ஏதாவது ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அது சரியான பெயரா என்று பார்க்காது. நிரலர்களோ "ஆம் என்றால் 1" என்று இயல்பாக எழுதிவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு, டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பணம் கையாளும் மென்பொருள்களிலேயே இந்தக் குறை இருந்தது வெளிப்பட்டது. அதே ஆண்டு வந்த 7.28.1 பதிப்பில் 1 என்ற மதிப்பு பிழையாக்கப்பட்டது. 7.66.0 பதிப்பிலிருந்து 1 கொடுத்தாலும் 2 கொடுத்தாலும் ஒரே பொருள்தான். ஆனாலும் பழைய கருவிகள் மலைகளிலும் ஆலைகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2எல் என்று எழுதினால் எல்லாப் பதிப்புகளிலும் சரியாக இருக்கும்.

ஹோஸ்ட் சோதனையை அணைக்கத் தூண்டும் சூழல் ஒன்று அடிக்கடி வரும். சர்வருக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை, அலுவலக வலையமைப்பில் அதற்கு ஓர் எண் முகவரி மட்டும் இருக்கிறது, சான்றிதழோ பெயருக்கு எடுத்தது. அப்போது ரிசால்வ் என்ற அமைப்பைப் பயன்படுத்துங்கள். பெயர், போர்ட் எண், முகவரி மூன்றையும் முக்காற்புள்ளியால் பிரித்து ஒரு சரப் பட்டியலில் வைத்துக் கொடுத்தால், லிப்கர்ல் அந்தப் பெயரை அந்த முகவரிக்கு அனுப்பும். சான்றிதழ்ச் சோதனையோ பெயரின்மீது முழுமையாக நடக்கும். எண் முகவரியைத்தான் நிலையாகப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால், சான்றிதழ் எடுக்கும்போதே அந்த முகவரியை மாற்றுப் பெயர்ப் பகுதியில் சேர்த்துவிடுங்கள்.

படி 5: யாரை நம்புவது என்று தீர்மானித்தல்

வெரிஃபைபியர் சோதனை ஒரு நம்பிக்கைப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு சொல்கிறது. அந்தப் பட்டியலை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் அமைப்பின் தரம் இருக்கிறது.

பொதுத் தளங்களோடு பேசும் நிரலானால் இயங்குதளத்தின் பட்டியலே போதும். டெபியனில் சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் என்ற தொகுப்பு அதைத் தருகிறது. உங்கள் கட்டமைப்பில் பட்டியலே இல்லை என்றால், மொசில்லாவின் பட்டியலைப் பிரித்தெடுத்துக் கர்ல் திட்டமே ஒரு கோப்பாக வெளியிடுகிறது. அதை இறக்கி சிஏஇன்ஃபோ என்ற அமைப்பில் அதன் பாதையைக் கொடுக்கலாம். எப்படியானாலும் பட்டியல் பழையதாகிவிடக் கூடாது. 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்குக் கையொப்பமிடும் சான்றளிப்பு நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ்) காலாவதியானது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 வைத்திருந்த பழைய கருவிகள் பல, சர்வரில் எந்தக் குறையும் இல்லாமலேயே, அன்றோடு லெட்ஸ் என்க்ரிப்ட் தளங்களை ஏற்க மறுத்தன. ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்ட பட்டியலுக்கும் லைப்ரரிக்கும் அதுதான் விலை.

நம் மழைமானி பேசப்போவது ஒரே ஒரு சர்வரோடு. அதற்கு உலகிலுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட மூலச் சான்றிதழ்களை நம்பவேண்டிய தேவையே இல்லை. ஆகவே சொந்தமாக ஒரு சான்றளிப்பு மூலத்தை உருவாக்குவதையே நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையால் ஒரு தனிச் சாவியும் அதற்கான பத்தாண்டு மூலச் சான்றிதழும் உருவாக்குங்கள். அந்தச் சாவி எந்தச் சர்வரிலும் இருக்கக் கூடாது. மறையாக்கம் செய்த பென் டிரைவில் போட்டுப் பெட்டியில் பூட்டி வையுங்கள், நகல் ஒன்றும் வேறிடத்தில் இருக்கட்டும். சர்வருக்கு ஓராண்டுச் சான்றிதழை அந்த மூலத்தால் கையொப்பமிட்டுக் கொடுங்கள். கருவியில் மூலச் சான்றிதழை மட்டும் வைத்து, அதன் பாதையைச் சிஏஇன்ஃபோவுக்குக் கொடுங்கள்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சிஏஇன்ஃபோ ஒரு கோப்பைக் குறிக்கிறது. சிஏபாத் ஒரு கோப்புறையைக் குறிக்கிறது. நீங்கள் சிஏஇன்ஃபோவை மாற்றினாலும், கட்டமைக்கும்போது பதிந்த சிஏபாத் அப்படியே இருக்கும். டெபியனில் அந்தக் கோப்புறை நிறையப் பொது மூலங்கள் இருக்கின்றன. அதாவது உங்கள் ஒரு மூலத்தை மட்டும் நம்புவதாக நினைத்திருப்பீர்கள், நிரலோ அதோடு சேர்த்து உலகையும் நம்பிக்கொண்டிருக்கும். சிஏபாத்துக்கு வெளிப்படையாக நல் கொடுத்து அதை மூடுங்கள்.

சிஏஇன்ஃபோ கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றிதழ்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கலாம். இது மலைக் கருவிகளுக்கு ஒரு வரம். பழைய மூலம் முடிவதற்கு ஓராண்டு இருக்கும்போதே புதிய மூலத்தை அதே கோப்பில் சேர்த்து எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பிவிடுங்கள். பிறகு சர்வரின் சான்றிதழை மாற்றும் நாளில் ஒரு கருவிகூட நிற்காது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். "முனையத்தில் கர்ல் கட்டளை வேலை செய்கிறது, என் நிரல் மட்டும் 60 என்கிறது" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கர்ல்_சிஏ_பண்டில் என்ற சூழல் மாறியைக் கட்டளைக் கருவி மதிக்கும், லைப்ரரி மதிக்காது. கட்டளையில் நடப்பது நிரலிலும் நடக்க வேண்டுமானால் பாதையை நிரலுக்குள்ளேயே கொடுக்க வேண்டும்.

படி 6: பதிப்பும் சைஃபரும்

இது சுருக்கமான வேலை. இணைப்பை மறையாக்கும் விதிமுறையான டிஎல்எஸ்ஸின் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டும் 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டன. எஸ்எஸ்எல்வெர்ஷன் அமைப்புக்கு டிஎல்எஸ் 1.2 என்ற மாறிலியைக் கொடுங்கள், அதற்கு "1.2 அல்லது அதற்கு மேல்" என்று பொருள். சர்வரும் உங்களுடையதே என்றால் 1.3 என்றே கொடுக்கலாம். மேல் வரம்பு வைக்காதீர்கள், நாளை வரும் நல்ல பதிப்பை அது தடுத்துவிடும். சைஃபர் (மறையாக்க முறை) பட்டியலைத் தொடாதீர்கள். எங்கிருந்தோ நகலெடுத்த சைஃபர் வரி சில ஆண்டுகளில் பலவீனமாகிவிடும். லைப்ரரியின் இயல்புப் பட்டியலோ புதுப்பிப்புகளோடு தானே மாறிக்கொள்ளும்.

படி 7: திசைமாற்றத்தைக் கட்டுப்படுத்துதல்

புரோட்டோகால்ஸ்_எஸ்டிஆர் அமைப்புக்கு "எச்டிடிபிஎஸ்" என்ற ஒரே சொல்லைச் சிற்றெழுத்தில் கொடுங்கள். லிப்கர்ல் எஃப்டிபி முதல் உள்ளூர்க் கோப்பு வரை பல வழிகளை அறியும். அமைப்புக் கோப்பில் யாராவது முகவரியை மாற்றி எழுதினால் நிரல் அந்த வழிகளிலும் போய்விடும். ஒரே வழியைத் திறந்து மற்றவற்றை மூடிவிட வேண்டும்.

சர்வர் வேறு முகவரிக்குப் போகச் சொன்னால் (திசைமாற்றம்) அங்கே போகச் செய்யும் ஃபாலோலொகேஷன் இயல்பாக அணைந்தே இருக்கிறது. கருவிக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவில் திசைமாற்றம் தேவைப்படாது, ஆகவே அப்படியே விடுங்கள். வேறு தேவைக்காக இயக்கினால், ரீடிர்_புரோட்டோகால்ஸ்_எஸ்டிஆர் அமைப்புக்கும் எச்டிடிபிஎஸ் மட்டும் கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் சர்வர் சொல்லும் ஒரு வரியால் உங்கள் இணைப்பு மறையாக்கம் இல்லாத எச்டிடிபிக்கு இறங்கிவிடும்.

கடவுச்சொல் கசியும் வழியும் இதே இடத்தில்தான். ஆத்தரைசேஷன் தலைப்பை (கடவுச்சொல் போகும் வரி) நீங்களே எழுதிச் சேர்த்தால், 7.58.0 பதிப்பிலிருந்து லிப்கர்ல் அதை வேறு சர்வருக்குத் திசைமாறும்போது அனுப்பாது. ஆனால் நீங்களே பெயரிட்ட ஒரு சாவித் தலைப்பு, போகும் இடமெல்லாம் கூடவே போகும். கருவியின் அடையாளச் சாவியைச் சொந்தப் பெயருள்ள தலைப்பில் வைக்காமல், வழக்கமான ஆத்தரைசேஷன் தலைப்பில் வைப்பது நல்லது.

படி 8: பொதுச் சாவியைப் பிணைக்கலாமா?

பின்டுபப்ளிக்கீ என்ற அமைப்பு, சர்வரின் பொதுச் சாவி நாம் முன்பே குறித்துவைத்த அதே சாவிதானா என்று பார்க்கிறது. சாவியின் ஷா256 சுருக்கத்தை (சாவியிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற மதிப்பு) பேஸ்64 எழுத்து வடிவில், ஷா256 என்ற பெயருக்கும் இரண்டு சாய்கோடுகளுக்கும் பின்னால் எழுதித் தர வேண்டும். அரைப்புள்ளி இட்டு ஒன்றுக்கு மேற்பட்ட சுருக்கங்களையும் தரலாம். பொருந்தாவிட்டால் பிழை 90.

வலிமையான காவல்தான், சந்தேகமில்லை. ஆனால் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழைச் செர்ட்பாட் என்ற தானியங்கிக் கருவி கொண்டு புதுப்பிக்கும் சர்வரோடு இதைச் சேர்த்தால் விபரீதம் நேரும். அந்தச் சான்றிதழ்களின் வழக்கமான ஆயுள் 90 நாட்கள்; செர்ட்பாட் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் இயல்பாகப் புதிய சாவியை உருவாக்கும். புதுப்பித்த அந்தக் கணத்தில் மலையிலுள்ள எல்லாக் கருவிகளும் மௌனமாகிவிடும். புதிய சுருக்கத்தை அவற்றுக்கு அனுப்பவும் வழி இருக்காது, ஏனென்றால் அனுப்பவேண்டிய இணைப்பையே அவை மறுக்கின்றன. பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2029 மார்ச்சுக்குள் 47 நாட்களாகக் குறையப்போகிறது என்பதால் இந்தச் சிக்கல் இன்னும் அடிக்கடி வரும்.

சொந்த மூலத்தை வைத்து, சிஏபாத்தையும் மூடியவர்களுக்குப் பிணைப்பு பெரும்பாலும் தேவையில்லை; அந்த ஒரே மூலமே பிணைப்பின் வேலையைச் செய்துவிடுகிறது. பொதுச் சான்றிதழோடு பிணைத்தே தீரவேண்டும் என்றால், சாவியை மாற்றாமல் புதுப்பிக்கும்படி செர்ட்பாட்டை அமையுங்கள். இன்னும் பயன்படுத்தாத ஒரு மாற்றுச் சாவியின் சுருக்கத்தையும் முதல் நாளிலிருந்தே கருவியில் வையுங்கள்.

படி 9: கருவியும் தன்னை நிரூபிக்கட்டும்

இதுவரை கருவி சர்வரைச் சோதித்தது. மறுபக்கமும் தேவை: அனுப்புவது நம் மழைமானிதானா என்று சர்வர் அறிய வேண்டும். அதே சொந்த மூலத்தால் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் சான்றிதழ் கொடுங்கள். எஸ்எஸ்எல்செர்ட் அமைப்பில் சான்றிதழின் பாதை, எஸ்எஸ்எல்கீ அமைப்பில் தனிச் சாவியின் பாதை. சாவிக் கோப்பின் அனுமதி 600 ஆக இருக்கட்டும்; நிரல் ஓடும் பயனரைத் தவிர வேறு யாரும் அதைப் படிக்கக் கூடாது. எல்லாக் கருவிகளிலும் ஒரே சாவியை வைக்கும் சோம்பலுக்கு இடம் தராதீர்கள். ஒரு தோட்டத்தில் ஒரு பெட்டி திருடு போனால், அந்த ஒன்றை மட்டும் சர்வரில் முடக்கிவிட்டு மற்றவற்றை நிம்மதியாக ஓடவிட முடிய வேண்டும்.

படி 10: நேர வரம்புகள்

இணைப்பு உருவாகக் காத்திருக்கும் இயல்பு வரம்பு 300 விநாடி. மொத்தப் பரிமாற்றத்துக்கு இயல்பாக வரம்பே இல்லை. மழைநாளில் கைப்பேசிக் கோபுரம் பாதி உயிரோடு இருக்கும்போது, நிரல் காலவரையின்றித் தொங்கிவிடும். கனெக்ட்டைம்அவுட் 30எல், டைம்அவுட் 120எல் என்பவை இதுபோன்ற சிறு தரவுக்கு ஏற்ற தொடக்க மதிப்புகள். பெரிய கோப்பு இறக்கும்போது மொத்த வரம்புக்குப் பதிலாக லோ_ஸ்பீட்_லிமிட், லோ_ஸ்பீட்_டைம் இரண்டையும் பயன்படுத்துங்கள். வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறிப்பிட்ட நேரம் கிடந்தால் அவை இணைப்பைத் துண்டிக்கும். பல இழைகள் உள்ள நிரலானால் நோசிக்னலை 1எல் ஆக்குங்கள்.

ஒரே ஹேண்டிலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் லிப்கர்ல் இருக்கும் இணைப்பையே மீண்டும் எடுத்துக்கொள்ளும், கைகுலுக்கல் (இணைப்பைத் தொடங்கும் பேச்சு) நேரம் மிச்சமாகும். ஆனால் கர்ல்_ஈஸி_ரீசெட் அழைத்தால் நீங்கள் வைத்த சிஏஇன்ஃபோ உட்பட அமைப்புகள் எல்லாம் இயல்புக்குத் திரும்பிவிடும். பாதுகாப்பு அமைப்புகள் அனைத்தையும் ஒரே செயல்கூற்றுக்குள் எழுதி, ஹேண்டில் பிறந்ததும் ரீசெட்டுக்குப் பின்னும் அதை அழையுங்கள்.

பரிமாற்றத்தை நடத்தும் கர்ல்_ஈஸி_பெர்ஃபார்ம் வெற்றி என்றால் சர்வர் ஏற்றுக்கொண்டது என்று பொருளல்ல. 401 (அனுமதி இல்லை), 500 (சர்வர் பிழை) போன்ற விடைகளும் லிப்கர்லுக்கு வெற்றிதான். ஃபெயில்ஆன்எர்ரர் அமைப்பை இயக்குங்கள், அல்லது விடைக் குறியீட்டைக் கெட்இன்ஃபோவால் எடுத்துப் பாருங்கள்.

படி 11: மறுக்கிறதா என்று சோதித்தல்

நல்ல சர்வரோடு இணைந்ததைப் பார்த்துவிட்டுக் கருவியை மலைக்கு அனுப்புவது அரைச் சோதனை. கெட்ட சர்வரை எதிரே நிறுத்த வேண்டும்.

பேட்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற தளம் வேண்டுமென்றே தவறான சான்றிதழ்களைக் காட்டும் துணைத் தளங்களை வைத்திருக்கிறது: காலாவதியானது, பெயர் பொருந்தாதது, தன் கையொப்பமிட்டது, நம்பாத மூலத்தால் கையொப்பமிட்டது. இவற்றைச் சோதிக்கும்போது மட்டும் இயங்குதளப் பட்டியலைச் சிஏஇன்ஃபோவில் கொடுங்கள். உங்கள் சொந்த மூலத்தோடு போனால் எல்லாமே மறுக்கப்படும், எந்தக் காவல் வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். நான்கிலும் 60 வர வேண்டும். ரத்து செய்த சான்றிதழைக் காட்டும் துணைத் தளம் ஒன்றும் உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல் அடித்தளத்தில் ரத்துச் சோதனை இயல்பாக நடப்பதில்லை என்பதால், அங்கே உங்கள் காவலை இதை வைத்து எடைபோடாதீர்கள்.

பிறகு சொந்த மூலத்துக்குத் திரும்பி, எந்தப் பொதுத் தளத்தை அழைத்தாலும் 60 வருகிறதா என்று பாருங்கள். வராமல் இணைந்துவிட்டால் சிஏபாத்தை மூட மறந்திருக்கிறீர்கள். அடுத்து, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்_சர்வர் கட்டளையால் அலுவலகக் கணினியிலேயே ஒரு போலிச் சர்வரை உங்கள் சர்வரின் பெயரில் எழுப்பி, ரிசால்வ் கொண்டு கருவியை அங்கே திருப்புங்கள். கருவி மறுக்க வேண்டும். மறுத்த அளவை வட்டில் சேமித்து அடுத்த முறை உண்மையான சர்வருக்கு அனுப்ப வேண்டும். கடைசியாகக் கடிகாரத்தை ஓராண்டு பின்னுக்குத் தள்ளி மறுபடி தொடங்கிப் பாருங்கள்.

களத்தில் எண்களைப் படித்தல்

6 என்றால் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை. 7 என்றால் சர்வரைத் தொட முடியவில்லை. 28 நேர வரம்பு. இவை மூன்றும் மலையில் அன்றாடம் வரக்கூடியவை. சற்று இடைவெளி விட்டு மீண்டும் முயன்றால் போதும். 35 கைகுலுக்கலிலேயே முறிந்தது, பெரும்பாலும் பதிப்புப் பொருத்தம் இல்லை. 58 கருவியின் சொந்தச் சான்றிதழில் சிக்கல். 77 சிஏஇன்ஃபோ கோப்பைப் படிக்க முடியவில்லை. பாதை தவறு, அல்லது அனுமதி இல்லை, அல்லது வட்டு கெட்டிருக்கிறது. 60, 90 இரண்டும் வந்தால் எர்ரர்பஃபரில் உள்ள சொற்களையும் கருவியின் நேரத்தையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். 6, 7, 28 ஆகியவற்றைப் போல இவற்றை மௌனமாக விழுங்கிவிட்டு மறுமுயற்சி செய்யும் நிரலை எழுதாதீர்கள். பெட்டியின் மேல் ஒரு சிவப்பு விளக்கு எரியட்டும், தோட்டத்து மேற்பார்வையாளர் அதைப் பார்த்துச் சேலத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்யட்டும்.

விரிவான பதிவுக்கான வெர்போஸ் அமைப்பைக் கருவியை அனுப்பும் முன் அணைத்துவிடுங்கள்; அதன் வெளியீட்டில் ஆத்தரைசேஷன் தலைப்பும் வந்து விழக்கூடும். பெட்டியை மூடும்போது, மூலச் சான்றிதழ், சர்வர் சான்றிதழ், கருவிச் சான்றிதழ் மூன்றின் முடிவு நாட்களையும் ஒரு தாளில் எழுதி உள்பக்கம் ஒட்டி, அதே தேதிகளை அலுவலக நாட்காட்டியில் இரண்டு மாதம் முன்னதாகவே குறித்துவையுங்கள்.